தரச் சான்றிதழும் என் தொண்டையும்

எனக்குப் பாட்டு வராது என்று நண்பர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். அதையே ஒரு அமைப்பு முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுச் சொன்னால் எப்படிப் பொறுப்பது? (இன்னிக்கு வரைக்கும் ஆறலைங்க.)

சில ஆண்டுகளுக்கு முன் நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் மேலாளராக இருந்தேன். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்தான் அங்கே அதிகம். தரச் சான்றிதழ் வாங்காவிட்டால் இல்லத்தை மூட வேண்டிய நிலை. மூடினால் பலருக்குப் போக்கிடம் இல்லை. ஆகவே மாடாக உழைத்தேன். வழுக்காத தரை போட்டேன். கழிப்பறையில் கைப்பிடி வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, முதியோரின் மனமகிழ்ச்சிக்காக நானே ஒரு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தினமும் விடியற்காலையில் மைக்கில் பாடினேன்.

ஆய்வுக்கு முதல் நாள் பார்த்தால், புகார்ப் பெட்டி காலி.

"புகாரே இல்லைன்னா, எல்லாரும் பயந்துபோய் இருக்காங்கன்னு எழுதிடுவாங்க சார்" என்று கிலியைக் கிளப்பினார், எங்களுக்கு ஆலோசனை சொல்ல வந்தவர். (புகார் இருந்தாலும் தப்பு, இல்லாட்டியும் தப்பு!)

உடனே கோவிந்தராசுவிடம் ஓடினேன். அவர் சுரங்கத்தில் தொழிற்சங்கம் நடத்தியவர்.

"ஐயா, நாளைக்கு வர்றவங்ககிட்ட சின்னதா ஒரு குறை சொல்லுங்க. ஃபேன் சத்தம் போடுதுன்னு சொன்னாப் போதும்."

"ஃபேன் நல்லாத்தான சுத்திக்கினு இருக்குது? பொய் சொல்ல மாட்டேன் தம்பி. நெஜமான குறையச் சொல்லட்டா?"

"தாராளமாச் சொல்லுங்க" என்றேன்.

மறுநாள் காலை ஆய்வாளர் அம்மா வந்தபோது, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் தட்டைக் கவிழ்த்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தராசு எழுந்து நின்றார்.

"வேலையில இருந்தவரைக்கும் ஷிப்டுக்கு சங்கு ஊதி எழுப்புனாங்க. அதுக்கு சம்பளம் குடுத்தாங்க. இவரு சும்மாவே எழுப்பிக்கினு இருக்காரு. பாட்ட நிறுத்தணும். இல்லன்னா டிபன் வாணாம்!"

"வாணாம்!" என்றது கூட்டம்.

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதக் கூடாது. நீங்க பாடிக் காட்டுங்க சார்."

நியாயமான பெண்மணி என்று மகிழ்ந்து, முழு மூச்சோடு ஆரம்பித்தேன். முன்வரிசையில் இருந்த அஞ்சலை அம்மாள் நிதானமாகக் காது மிஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது வரியில் ஆய்வாளர் கையை உயர்த்தினார்.

"போதும் சார். அவங்க சொல்றது சரிதான்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்தப் பாட்டின் உயிரே சரணத்தில்தான் இருக்கிறது. அதைக் கேட்காமல் என்ன ஆய்வு? நேராகவே கேட்டுவிட்டேன்.

"சரணம் வேற இருக்கா?" என்றார் அந்த அம்மா.

சான்றிதழ் கிடைத்தது. 'இங்கு முதியோர் அச்சமின்றிக் குறை சொல்கிறார்கள்' என்று பாராட்டு வேறு. கூடவே ஒரு நிபந்தனை: இல்ல வளாகத்தில் மேலாளர் பாடக் கூடாது.

கோவிந்தராசு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நம்ம வூட்டக் காப்பாத்திட்ட தம்பி!" அவர் கண் கலங்கியிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தாள். நடந்ததையெல்லாம் என் மனைவியிடம் எந்தப் புண்ணியவானோ சொல்லித் தொலைத்துவிட்டான். தொட்டிலை ஆட்டிக்கொண்டே நான் வாயைத் திறந்தால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்: "வேணாங்க, சர்டிபிகேட்டக் கேன்சல் பண்ணிடுவாங்க!"

இதைக் கேட்டே வளர்ந்த என் மகள் முதன்முதலில் சேர்த்துப் பேசிய வாக்கியம் எது தெரியுமா? "அப்பா, பாடாத."