கட்டிய கோலுக்குக் காவல் எதற்கு?

பாளையங்கோட்டை மைதானத்தில் அந்த ஆண்டு அகில இந்தியப் பெண்கள் கால்பந்துக் கோப்பை நடந்தது. பந்தைப் பார்க்க வந்தவர்கள் பாதி. பழத்தைப் பார்க்க வந்தவர்கள் மீதி.

பழம் என்றால் எலுமிச்சம்பழம். அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, குங்குமம் தடவி, கோல் கம்பத்தில் தொங்கவிட்டால் அந்தக் கோலுக்குள் பந்து நுழையாதாம். பேய்க்கட்டும் வாய்க்கட்டும் கேள்விப்பட்டிருந்த திருநெல்வேலிக்கு இது புதுச்சரக்கு. பெயர் கோல்கட்டு. கண்டுபிடித்தவர் கோல்கட்டுச் சாமி. பெற்றவர்கள் வைத்த பெயர் கைலாசம். தொண்ணூறாம் வருஷம் பிறக்கும்வரை அம்பாசமுத்திரம் பஸ்ஸில் பல்பொடி விற்றவர். பல்பொடி பொய் என்றால் பல்லே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தொழிலை மாற்றிக்கொண்டார்.

தோற்றவர் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டிய கோப்பை அது. நெல்லை அணி முதல் சுற்றில் வென்றது, காலிறுதியில் வென்றது, அரையிறுதியிலும் வென்றது. வென்றது பழம்தான் என்று ஊர் சொன்னது. டவுனிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். ஆழ்வார்குறிச்சி வாத்தியார்கள் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். சாமி தங்கியிருந்த லாட்ஜ் வாசலில், கல்யாணமாகாத பெண்ணுக்காக ஒருவர், இழுத்தடிக்கும் வழக்குக்காக ஒருவர், பால் கறக்காத எருமைக்காக ஒருவர் என்று வரிசை தெருமுனை வரை நின்றது. கட்டிப்போட்டால் பால் எப்படி வரும் என்று எருமைக்காரர்கூடக் கேட்கவில்லை.

கோலுக்குள் நின்ற சாலோமியைப் பற்றி யாருக்கும் பேச்சில்லை. ராதாபுரத்துப் பனங்காட்டுப் பெண். அப்பன் பனையேறி, அம்மை கருப்பட்டி காய்ச்சுகிறவள். பதநீர்க் குடம் சுமந்தே தோள் இறுகிப்போனவள். அரையிறுதியில் பாய்ந்து பாய்ந்து விழுந்ததில் முழங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தன. அதற்கு மருந்து போட ஆளில்லை. பழத்துக்குச் சூடம் காட்ட ஐந்தாறு பேர் முண்டினார்கள்.

அவளுக்கு அதில் வருத்தமில்லை. இறுதி ஆட்டம் பார்க்க ரயில்வே அணிக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வேலை. இல்லையென்றால் திரும்பவும் பனங்காடு, அடுப்பு, கொதிக்கிற கருப்பட்டிச் சட்டி. அவள் கணக்கு அவ்வளவுதான்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், அணியின் மேனேஜர் கோமதிசங்கர் நெற்றி நிறைய விபூதியோடு பெண்கள் தங்கியிருந்த அறைக்கு வந்து நின்றார்.

"சாலோமி, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காத."

"கேளுங்க அண்ணாச்சி."

"நீ இப்பம் வீட்டுக்குத் தூரமா?"

பக்கத்தில் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்த கேப்டன் தஸ்லிமா நிமிர்ந்தாள். மேலப்பாளையத்துக்காரி. பீடி சுற்றும் விரலுக்கு உள்ள வேகம் நாக்குக்கும் உண்டு.

"ராதாபுரம் தூரந்தானே அண்ணாச்சி. பஸ்ஸுல போனா இடுப்பு ஒடிஞ்சிரும்."

"நீ சும்மா இரு பிள்ள. சாமி சொல்லுதாவ, கட்டு ஆடுதாம். தீட்டுக்காரி கம்பத்துக்கிட்ட நின்னா அறுந்துருமாம். நாளைக்கு இசக்கி நிக்கட்டும்."

இசக்கி மாற்று கோல்கீப்பர். தங்கமான பெண். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள், அது ஒன்றுதான் குறை.

சாலோமிக்குக் கருப்பட்டிச் சட்டியின் புகை மூக்கில் ஏறியது போலிருந்தது.

"அரையிறுதி அன்னைக்கும் எனக்கு இதேதான் அண்ணாச்சி. அப்பம் அறுந்து போகலையே."

"அப்பம் சாமிக்குத் தெரியாதுல்லா."

"கட்டுக்குமா தெரியாது?"

கோமதிசங்கர் மேலே பார்த்தார். அங்கே மின்விசிறிதான் சுற்றியது.

"எனக்கும் ஒரு சந்தேகம்," என்றாள் தஸ்லிமா. "இடைவேளைக்குப் பிறகு நாம எதிர்ப்பக்கத்துக் கோலுக்குப் போயிருதோம். பழம் இங்கனயே தொங்குது. அப்பம் அது யாருக்குக் காவல்?"

இத்தனை ஆட்டம் பார்த்த மனிதருக்கு இது தோன்றவே இல்லை. ஊருக்கும்தான்.

"அதெல்லாம் சாமி பாத்துக்கிடுவாவ. நானும் விரதம் இருந்து, சுத்தபத்தமா நடந்து, என் காலு பட்ட இடம் கோயிலுன்னு சாமி வாயாலயே சொல்லியாச்சு. நீங்க கெடுத்துராதீக."

அவர் போனதும் தஸ்லிமா சொன்னாள்: "இடைவேளைக்கு ரெஃப்ரி விசில் அடிச்சதும் பழமும் பக்கம் மாறிக்கிடும் போலட்டி."

சாலோமி சிரிக்கவில்லை. சுத்தமான கால் என்ற பேச்சிலேயே அவள் மனசு நின்றுவிட்டது.

மறுநாள் மைதானத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். எதிரே கொல்லத்து அணி. சாமி பட்டுத்துண்டோடு நெல்லைக் கோலில் பழத்தைக் கட்டினார். மைக்கை வாங்கினார்.

"இனி இந்தக் கோலுக்குள்ள காத்துகூட என்னைக் கேட்டுத்தான் நுழையும்."

கூட்டம் கைதட்டியது. கையுறை மாட்டி நின்ற இசக்கி இப்போதே கண்ணை மூடிப் பழகிக்கொண்டிருந்தாள். சாலோமி கோட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

"சாமி, யாரு உதைச்சாலும் பந்து போகாதா?"

"யாரு உதைச்சாலும் போகாது."

"அப்பம் கோல்கீப்பர் எதுக்கு? அவளையும் முன்னால அனுப்பிட்டா இன்னொரு கோல் போடலாமே."

கேலரியில் சிரிப்பு கிளம்பியது. சாமி முகத்தைத் திருப்பினார். "தீட்டுக்காரி பேச்சுக்குப் பதில் சொல்லப்படாது."

"நான் பந்தைத் தொடலை. ரெஃப்ரி கையில புதுப்பந்து இருக்கு. மேனேஜர் அண்ணாச்சி உதைக்கட்டும். நீங்களே சுத்தம்னு சொன்ன காலு. பந்து உள்ள போகலைன்னா இப்பமே ராதாபுரம் பஸ் ஏறிருதேன், இனி இந்தப் பக்கமே வரமாட்டேன். போச்சுன்னா நான் நிப்பேன்."

"உதையும் வே," என்று கேலரியிலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு எல்லாக் குரலும் அதையே சொன்னது.

கோமதிசங்கருக்குப் பயமே இல்லை. போகாது என்று நம்புகிறவருக்கு என்ன பயம். இசக்கி நகர்ந்து கொடுத்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, சாமியைக் கும்பிட்டு, உதைத்தார். செருப்பு ஒரு பக்கம் பறந்தது. பந்து கோயில் யானை மாதிரி பைய நடந்தது. சாமியின் உதடு வேகமாக முணுமுணுத்தது. பந்துக்குக் காது கேட்கவில்லை. பழத்துக்குப் பக்கத்திலேயே உருண்டு, கோட்டைத் தாண்டி, வலையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

சாமி சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

"இவரு நம்ம ஆளு. எதிராளி உதைச்சாத்தான் கட்டு வேலை செய்யும்."

அப்போது கொல்லத்து அணி மேனேஜர் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தார். இஸ்ரவேல் என்று பெயர். செங்கோட்டைக்காரர், பிழைக்கப் போன இடம் கொல்லம்.

"அப்பம் காலையில எங்க கோல்ல ஒண்ணு கட்டினீரே, அதுக்குள்ள நெல்லைக்காரி போடுத பந்து நுழையாதுன்னு சொன்னீரே. அது என்ன வே?"

எல்லாத் தலையும் எதிர்க்கோலுக்குத் திரும்பியது. அங்கேயும் அதே பழம், அதே கறுப்புக் கயிறு. ரெண்டு பக்கமும் கட்டியிருந்தால் இந்த ஆட்டம் பொங்கல் வரைக்கும் முடியாதே என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் கூட்டத்துக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. வந்த அணிக்கெல்லாம் சாமி கட்டியிருக்கிறார். தோற்றவர்களிடம் "உங்க பிள்ளைக விரதத்தைக் கெடுத்துட்டாளுக" என்று சொல்லி ரயிலேற்றியிருக்கிறார். ஊரில் மிஞ்சியது வென்றவர்களின் வாய் மட்டும். அப்படி ஒரு கோப்பையில் சாமிக்குத் தோல்வி எங்கிருந்து வரும்?

சாமி பதில் சொல்ல அங்கே இல்லை. பின்பக்கச் சுவரில் பட்டுத்துண்டு மட்டும் தொங்கியது. எல்லாவற்றையும் கட்டத் தெரிந்தவர், ஓடுகிற தன் காலைக் கட்ட மறந்துவிட்டார்.

கோமதிசங்கர் செருப்பைத் தேடி எடுத்தார். சாலோமியின் முகத்தைப் பார்க்காமல், "போய் நில்லு பிள்ள," என்றார்.

அவள் நின்றாள். தீட்டோடும் தோலுரிந்த முழங்கையோடும் நின்றாள். கொல்லத்துப் பெண்கள் அடித்த அடியில் ஒன்று மூலைக்குப் பறந்தது. அவளும் பறந்தாள். விரல்நுனி பட்டுப் பந்து வெளியே போனது. ஆட்டம் முடியும் நேரத்தில் தஸ்லிமா ஒன்று போட்டாள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதில், நெல்லைக்காகச் சாமி பழம் கட்டிய அதே கோலில்தான். கோப்பை நெல்லைக்கு.

ரயில்வே அணிக்காரர் தேடி வந்து, "வேலைக்கு வந்து சேரும்மா," என்றார். "எப்பம் வரணும் சார்?" என்றாள் சாலோமி.

அதற்குள் ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டது. முன்னால் நின்றவர் ஆழ்வார்குறிச்சி வாத்தியார். கையில் எலுமிச்சம்பழம்.

"தாயி, உன் கையுறையால இதைத் தொட்டுக் குடு. வீட்டு வாசல்ல கட்டணும். தீட்டோட நின்னே ஜெயிச்சிருக்கியே, உங்கிட்ட என்னமோ சக்தி இருக்கு."

சாலோமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பழத்தை வாங்கினாள். பல்லால் கடித்து, அணிக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் கடைசிச் சொட்டு வரை பிழிந்து, உப்புப் போட்டு மடக் மடக்கென்று குடித்தாள்.

"பழம் இதுக்குத்தான் சார்," என்று சக்கையை அவர் கையிலேயே வைத்தாள். "உங்க கழுத்துக்கு மேலயும் ஒண்ணு சும்மா தொங்குது. வீட்டுக்குப் போயி அதையும் கொஞ்சம் பிழிஞ்சு பாருங்க."