மாமனாரின் தலையும் ஒரு கேமராவும்

மாமனாரின் தலையை எப்படியாவது படத்துக்குள் கொண்டுவந்துவிடுவது என்று நம் மாப்பிள்ளை சபதம் எடுத்து ஒரு மாதமாகிறது.

போன வருஷம் மாமனாரின் பள்ளி ஆண்டுவிழாவில் மாப்பிள்ளை எடுத்த முப்பத்தாறு படங்களிலும் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. தலைமையாசிரியருக்குத் தலையே இல்லையே என்று பள்ளிக்கூடமே சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. இன்று அவர் ஓய்வு பெறுகிறார். பதினோரு மணிக்குப் பிரிவுபசார விழா. "போட்டோவை எங்கிட்ட விட்டுடுங்க" என்று மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் மார்தட்டியிருந்தார். மனைவி அப்போது வாயே திறக்கவில்லை. அதற்கு அவர் பயந்திருக்க வேண்டும். மனுஷன் சந்தோஷப்பட்டுவிட்டார்.

நேற்று வரை கேமரா நன்றாகத்தான் வேலை செய்தது. எதற்கும் இருக்கட்டும் என்று காலையில் பழைய பேட்டரிகளைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, வாங்கி வைத்திருந்த புதுக் கவரைப் பிரித்து இரண்டைப் போட்டார். பட்டனை அமுக்கினார். லென்ஸ் பாதி வெளியே வந்து, எட்டிப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டது. திரையில் ஒரு வரி: 'பேட்டரியை மாற்றவும்.'

"இப்பதானேடா மாத்தினேன்!" என்று கேமராவிடமே சண்டைக்குப் போனார்.

மணி ஒன்பதே கால். கவரில் மிச்சமிருந்த இரண்டையும் போட்டுப் பார்த்தார். திருப்பிப் போட்டார். தரையில் உருட்டினார். அக்குளில் வைத்துச் சூடேற்றினார். பல்லால் கடித்தும் பார்த்தார். பல் வலித்ததுதான் மிச்சம்.

"ஏங்க, உள்ள என்ன பண்றீங்க?" என்று மனைவி கூடத்திலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல! கேமராவைத் துடைக்கறேன்!"

"நல்லாத் துடைங்க. அப்பா ரொம்ப எதிர்பார்த்துட்டு இருக்கார்."

ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு ரேடியோ மெக்கானிக்கைக் கிசுகிசுவென்று கூப்பிட்டார்.

"பேட்டரியைப் பார்த்தீங்களா சார்?"

"புதுசுங்க. என் கையாலதான் கவரைப் பிரிச்சேன். அதை விட்டுட்டு வேற சொல்லுங்க."

"அப்போ உள்ள போர்டு போயிருக்கும். ஒரு வாரம் ஆகும்."

ஒரு வாரம்! மாமனார் ஒரு வாரம் கழித்து மறுபடி ஓய்வு பெறுவாரா? சட்டை தொப்பலாக நனைந்தது. இந்த முறை உடம்பும் வராது. 'உங்களை நம்பினேனே மாப்பிள்ளை' என்று மாமனார் பார்க்கப்போகும் பார்வையை நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

பத்து மணிக்கு ஒரு யோசனை பிறந்தது. வலது மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகத்தை அஷ்டகோணலாக்கி, கூடத்துக்கு வந்தார்.

"கை சுளுக்கிடுச்சு. விரலை அசைக்கவே முடியல. எப்படிப் போட்டோ எடுக்கறதுன்னுதான்..."

"அய்யய்யோ! எந்தக் கை?"

"வலது."

"நல்லவேளை. இடது கையால பையைத் தூக்கிக்குங்க, கிளம்பலாம். ஸ்டுடியோக்காரரை நேத்தே வரச் சொல்லியாச்சு."

"நேத்தேவா? எனக்கு இப்பதானே சுளுக்கிச்சு?"

மனைவி கைப்பையைத் திறந்து நாலு பேட்டரிகளை எடுத்துக் காட்டினாள். புத்தம் புதுசு.

"உங்க கவர்ல இருந்ததெல்லாம் கடிகாரத்துலயும் ரிமோட்லயும் போட்டுத் தீர்ந்து போனது. நீங்க போட்டோ எடுக்க வேணாம்னு நேரா சொன்னா ரோஷம் வரும்."

துண்டு அவிழ்ந்து தரையில் விழுந்தது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இதை மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாத. அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"யோசனையே அப்பாவோடதுதாங்க. நான் கவரை ஒட்டினதோட சரி."