அக்கார்டியனுக்கு ஒரு பட்டை

"மாமா, கதவைத் திறக்காதீங்க! அதுலதான் கட்டியிருக்கேன்!"

"என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே மாமனார் சமையலறைக் கதவை அந்தப் பக்கமாக இழுத்துத் திறந்தார். கைப்பிடியில் கட்டியிருந்த எண்பது நூல்கள், அவற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டியிருந்த குமாஸ்தா, அவருடைய நாற்காலி, மூன்றும் ஒரே ஊர்வலமாக நிலைப்படி வரை போய் நின்றன.

நேற்று நனைந்துபோன மழைக்கோட்டை மனைவியின் அக்கார்டியன் மேல் மாட்டிவிட்டார் குமாஸ்தா. காலையில் அவள் போன பிறகு பார்த்தால், தோளில் மாட்டும் தோல் பட்டை அறுந்து கிடக்கிறது. அவள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. வீட்டிலும் அதே உத்தியோகம். ஐந்து மணிக்கு வருவாள், ஆறு மணிக்கு வாசிப்பாள். இரண்டு வருஷமாக ஒரே பாட்டு. அந்த நேரம் பார்த்துக் குமாஸ்தா நடக்கப் போய்விடுவார். மாமனாருக்கு முட்டிவலி, எங்கேயும் போக முடியாது.

நல்லகாலம், குமாஸ்தா தனக்கென்று ஒரு பெல்ட் நெய்துகொண்டிருந்தார். பழைய சீட்டுக்கட்டில் இருபது சீட்டைச் சதுரமாக வெட்டி, நாலு மூலையிலும் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு நூல். இருபது சீட்டையும் சேர்த்துப் பிடித்துக் கால் சுற்று திருப்பினால் நூல்கள் மேலும் கீழுமாகப் பிரியும். நடுவில் குறுக்கு நூலை விட்டு இறுக்க வேண்டும். நாலு தரம் முன்னால், நாலு தரம் பின்னால். சிவப்பில் மஞ்சள் கட்டம் கட்டமாகப் பூ விழும். இன்னும் இரண்டு சாண்தான் பாக்கி. அதையே பட்டையாக்கிவிட்டால் தப்பித்தார்.

"கதவு வேண்டாம் மாப்பிள்ளை, என் நாற்காலியில கட்டுங்க. நான் அசையவே மாட்டேன்."

கட்டினார். ஐந்தாவது நிமிஷம் மாமனார் கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார். நூலெல்லாம் தொய்ந்து, சீட்டுகள் குமாஸ்தாவின் மடியில் கொட்டின.

"அடடா! போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்."

குடித்துவிட்டு வந்தார்.

"மாமா, என்ன பண்ணினீங்க?"

"கலைஞ்சு கிடந்துச்சே! ஆட்டின் எல்லாம் இந்தப் பக்கம், ஸ்பேட் எல்லாம் அந்தப் பக்கம். ஒரு ஜாக்கிதான் குறையுது."

ஒவ்வொரு நூலும் பக்கத்து வீட்டு நூலோடு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து முடிக்க மணி மூன்று.

"முன்னால ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"மாப்பிள்ளை, நம்ம மாடிக்கு எத்தனை படி?"

"பதினேழு. இப்ப... பதினெட்டா?"

எண்ணிக்கை போனது. பூவும் போனது. கட்டங்கள் எல்லாம் வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தன. சாய்ந்தால் சாயட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நெய்தார். நாலே முக்காலுக்கு முடிந்தது. கொக்கியைத் தைத்து மாட்டிய கையோடு வாசல் மணி அடித்தது.

உள்ளே வந்த மனைவி அக்கார்டியனைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னங்க இது?"

குமாஸ்தா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "நான்தான் ஈரக் கோட்டை மாட்டினேன், அறுந்துபோச்சு, நானே நெய்தேன், திட்டாதே."

அவள் பட்டையைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியது. "எனக்காகவா? நான் வாசிக்கிறது இந்த வீட்ல யாருக்குமே பிடிக்கலைன்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன்! இனிமே காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். நீங்களும் நடக்கப் போகாதீங்க, பக்கத்துலயே உக்காந்து கேளுங்க."

உடையை மாற்றிக்கொள்ள உள்ளே ஓடினாள். உயிர் வந்த குமாஸ்தா மாமனாரைப் பார்த்துச் சிரித்தார்.

மாமனார் சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து நாலு உருண்டையாக உருட்டினார். அதில் இரண்டை மருமகனிடம் நீட்டினார்.

"ஈரக் கோட்டுக்கெல்லாம் அறுந்துபோற தோலா அது, மாப்பிள்ளை? நகவெட்டியால அதை அறுத்து முடிக்க எனக்கு முழுசா ரெண்டு நாள் ஆச்சு!"