குரல் பிடிக்கும் மெஷின் பற்றி அக்காவின் அபிப்பிராயம்

ஒரகடம்,
செப்டம்பர் 2011

பிரியமுள்ள தம்பி பேச்சிராஜுக்கு அக்கா கனகலட்சுமி ஆசீர்வதித்து எழுதுவது. நானும் என் பொறுப்பில் உள்ள விடுதிப் பிள்ளைகளும், சமீபகாலம் வரை தண்ணீர் நீங்கலாக, மற்ற எல்லா வகையிலும் சுகம். சிங்கப்பூரில் உன் சுகத்துக்கும் உன் முதலாளியின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. நீ அனுப்பிய குரல் பதியும் மெஷின் பத்திரமாக வந்து சேர்ந்தது. இது உங்கள் கடையில் விற்காமல் கிடப்பதாகவும், நம் ஊர்ப் பக்கம் கொண்டுவந்தால் விலைபோகுமா என்று முதலாளி கேட்பதாகவும், உபயோகித்துப் பார்த்து உண்மையான அபிப்பிராயம் எழுதும்படியும் கேட்டிருந்தாய்.

இந்த விடுதிக் கட்டடம் சுப்பராயன் என்பவருடையது. கீழ்வீட்டில் அவரும் சம்சாரம் கங்கம்மாளும். மாடி முழுக்க நம்ம தெக்கத்திப் பிள்ளைகள், செல்போன் பாகம் செய்கிற கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர்கள். மெஷின் வந்தபோது மாடிக்குத் தண்ணீர் ஏறாது. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, கீழே அடிபம்பில் அடித்து, வாளி வாளியாகப் படியேற்ற வேண்டும். மோட்டார் கேட்டால், "வெள்ளிக்கெயம போட்டுர்லாம்மா" என்பார். சனிக்கிழமை கேட்டால், "நான் எப்பம்மா சொன்னேன்?" என்பார். இந்த ஆளுக்கென்றே செய்த மெஷின் இது என்று சந்தோஷப்பட்டேன்.

முதல் தடவை முந்தானைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு போய்ப் பேசினேன். வந்து போட்டுக் கேட்டால் என் வளையல் சத்தமும் கம்பெனி பஸ் ஹாரனும்தான் தெளிவாகக் கேட்டது. அடுத்த தடவை துணிந்து மேஜைமேலேயே வைத்தேன். "இது இன்னாது?" என்றார். சொன்னேன். அவ்வளவுதான், மனுஷன் சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டு, "பேரன்பு கொண்ட தாய்மார்களே! தண்ணீர் என்பது மனித குலத்தின் உயிர்நாடி!" என்று ஆரம்பித்துவிட்டார். உயிர்நாடி எந்தக் கிழமை வரும் என்று மட்டும் சொல்லவில்லை. தன் குரலைக் கேட்டதும் அவருக்கு மெஷின் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வார்டு மெம்பருக்கு நிக்கப் போறாராம், பேசிப் பழகணுமாம், வாங்கிட்டுப் போயிட்டாரு. வீட்டுக்காரர் கேட்டா இல்லேன்னா சொல்ல முடியும்?

அவருக்கு ஆன் பண்ணத் தெரிஞ்சதே ஒழிய ஆஃப் பண்ணத் தெரியல தம்பி. திருப்பிக் குடுத்தப்ப அதுல ஒரு மத்தியானம் முழுக்கக் கெடந்துச்சு. விடுதிப் பிள்ளைக சுகப்பிரியாவும் தங்கமாரியும் நானும் உக்காந்து கேட்டோம். பிரசங்கம் வருது, ஏப்பம் வருது, பெறகு அவரு கூட்டாளி தாண்டவராயன் கேக்காரு, "மேல கீற பொண்ணுங்க தண்ணி கேக்குதுங்களாமே?" அதுக்கு இவரு சொல்லுதாரு, "அதுங்களுக்கு ஓட்டு இங்கியா கீது? திருநெல்வேலில கீது. ஓட்டு கீற ஊர்ல போயி தண்ணி கேக்க சொல்லு!"

சுகப்பிரியா விழுந்து விழுந்து சிரிச்சா. தங்கமாரி சிரிக்கல. யூனிபார்மைக்கூட மாத்தாம அப்படியே இருந்தவ, "எக்கா, ஊருக்குப் போனா கம்பெனிக்காரிங்காவ, இங்க வெளியூர்க்காரிங்காவ. அப்ப நாங்க எங்கதான் குளிக்க?"ன்னு கேட்டா. எனக்குப் பொறுக்கல. நேரா கீழ போயி அவரு முன்னாடியே போட்டுக் காட்டுனேன். வெக்கப்படுவாருன்னு பாத்தா, காதை ஒட்ட வச்சுக் கேட்டுட்டு, "என் கொரல் கணீர்னு கீதுல்ல? இன்னொரு தபா போடு" ங்காரு!

"அண்ணாச்சி, அடுத்த தடவ மைக் செட்டுல போடுதேன், ஊரே கேக்கட்டும்"னேன்.

அந்த வாரத்துலயே மோட்டார் வந்து இறங்கிச்சு. மாடிக் குழாயில முதல் தண்ணி வந்தப்ப பிள்ளைக போட்ட கூச்சல் உனக்கே கேட்டிருக்கும். தங்கமாரி ரெண்டு தடவ குளிச்சா.

ஆகவே என் தீர்ந்த அபிப்பிராயம்: இந்த மெஷின் வாடகைக்குக் குடியிருக்கும் ஒவ்வொருவரும் அவசியம் வாங்க வேண்டிய பொருள். முதலாளியிடம் தைரியமாகச் சொல்லவும். உனக்கும் உன் அறைத் தோழர்களுக்கும் சகல சௌபாக்கியங்களும், குழாயைத் திறந்ததும் தண்ணீரும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,

அக்கா கனகலட்சுமி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் கங்கம்மாள் மேலே வந்தாள். மோட்டாருக்கு நன்றி சொன்னேன். "எனுக்கு சொல்லும்மா. வார்டு பொம்பளைங்களுக்குன்னு வுட்டுட்டாங்க. நிக்கறது இப்ப நான்தான். மாடிக்கு மோட்டார் போட்டாதான் மனுல கையெழுத்து போடுவேன்னேன், ஓடிப்போயி வாங்கியாந்தாரு" என்றாள். மெஷினில் மாட்டிய பேச்சுக்குப் பயந்தல்லவா வாங்கினார் என்றேன். "அதுக்கா? அது தாண்டவராயன் கொரல்னு சொல்லிக்கலாம்னு அன்னிக்கே சொல்லிட்டாரே" என்றாள். எனவே மேலே 'அவசியம் வாங்க வேண்டிய பொருள்' என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். ஆனால் அதிலிருந்த பேட்டரி எங்கள் டிவி ரிமோட்டுக்குக் கச்சிதமாகச் சேருகிறது. பேட்டரி மட்டும் தனியாக அனுப்ப முடியுமா என்று முதலாளியிடம் கேள்.