குதிக்கும் பொறுப்பு அதிகாரி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தபோது யாரும் கூட்டம் போடவில்லை. சக்கரத்தை உருட்டிவிட்டபோதும் தீர்மானம் எதுவும் நிறைவேறியதாகத் தகவல் இல்லை. நாகரிகத்துக்கே நேர்ந்த இந்தக் குறையைத் தீர்த்துவைத்த பெருமை, 1998 ஏப்ரலில், கோயம்புத்தூர் காந்திபுரத்தில் இயங்கிய 'அரங்கா கணினிக் கல்விக் கழக'த்தையே சேரும். அதன் தாளாளர் அரங்கசாமி பல்லடத்தில் கோழித் தீவனம் விற்று முன்னுக்கு வந்தவர். பத்தாயிரம் கோழிகளை வேளாவேளைக்குத் தின்னவைத்தவருக்குப் பத்துக் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்?

அங்கே டைப்பிங் சொல்லிக்கொடுத்தாள் ஹுமேரா. இரண்டு வருஷமாகத் 'தற்காலிகம்'. இந்த மாதத்துக்குள் நிரந்தரம் ஆகாவிட்டால் ஒப்பணக்கார வீதியில் மாமாவின் வளையல் கடையில் வந்து உட்காரவேண்டியதுதான் என்று அம்மா சாஜிதா பேகம் கெடு வைத்துவிட்டாள். வளையல்மேல் ஹுமேராவுக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவளுக்குப் பசி தெரியாது. வளையல் முன்னால் உட்கார்ந்தால் பத்து மணிக்கே பசிக்கும்.

விடுமுறை முகாமுக்குப் பிள்ளைகளைச் சேர்க்க அரங்கசாமி ஒரு வழி கண்டார். டி.வி.யில் மாட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டியைப் போலவே கம்ப்யூட்டரை நடிக்கவைக்கும் 'எமுலேட்டர்' ஒன்று பிளாப்பியில் வந்து இறங்கியது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வருவார்கள். திரையில் ஒரு குட்டி வீரன் ஓடுவான், குழிகளைத் தாண்டுவான். பெற்றோர் வாயைப் பிளந்து பணத்தைக் கட்டுவார்கள்.

"ஞாயித்துக்கெழம அவன் தாண்டிப்போட்டான்னா நீங்க நிரந்தரமுங்கம்மணி" என்று ஹுமேராவுக்கு வாக்கும் கொடுத்தார்.

ஆடுவதற்கு முன் திரையில் ஒரு பட்டியல் வந்தது. நிஜப் பெட்டியின் கைப்பிடியில் உள்ள பட்டன்களின் பெயர்கள்: அப், டவுன், லெப்ட், ரைட், ஏ, பி, எல், ஆர், ஸ்டார்ட், செலெக்ட். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காலிக் கட்டம். கீபோர்டில் எந்தக் கீயை அழுத்தினால் அந்தப் பட்டனின் வேலை நடக்கவேண்டும் என்று நாம் சொல்லவேண்டும். ஏ என்றால் குதிப்பதா கும்பிடுவதா என்று பட்டியல் மூச்சுவிடவில்லை.

"கைக்குப் பக்கமா எந்தக் கீய வேண்ணாலும் குடுக்கலாமுங்க சார்" என்றாள் ஹுமேரா.

அரங்கசாமி இரக்கத்தோடு சிரித்தார். "ஏ-ன்னு போட்டிருக்குதுங்கம்மணி. ஏ-வோட வேலையக் கொண்டுபோயி இன்னொரு எழுத்துக்கிட்டக் குடுத்தா, ஏ மனசு என்ன பாடுபடும்?"

மூன்று வாரம், ஒன்பது கூட்டம். ஏ-வுக்கு ஏ என்பது முதல் கூட்டத்திலேயே ஒருமனதாக நிறைவேறியது. சிக்கல் எல்-லில் வந்தது. எல் பட்டனும் எல். லெப்டும் எல்-லில்தான் தொடங்குகிறது. இரு தரப்பு நியாயமும் 'பரிசீலிக்கப்பட்டு', லெப்டுக்குப் பெயர் நீளம் என்பதால் கீ அதற்கே போயிற்று. எல் பட்டனுக்கு ஆறுதலாக அரங்கசாமியின் ராசி எண் ஒன்பது வழங்கப்பட்டது. ஆர் பட்டனுக்கு அவருடைய அம்பாசடர் நம்பரின் கடைசி இலக்கம். குழப்பமே வரக்கூடாது என்பதற்காக, கீபோர்டில் ஏ என்ற எழுத்தின்மேல் 'ஏ' என்று எழுதிய ஸ்டிக்கரும் ஒட்டப்பட்டது.

அடுத்து, பொறுப்பு. எல்லாக் கீயையும் ஒருவரிடம் கொடுத்தால் அவருக்குத் தலைக்கனம் வரும் அல்லவா?

"ஊர் கூடித்தானுங்க தேர் இழுக்கோணும்" என்றார் அரங்கசாமி.

அவருடைய அக்கா மகன் மோகன்குமாருக்கு ஏ. ஆடிப்பார்த்ததில் அது குதிக்கும் பட்டன் என்று தெரிந்ததால், அவன் 'குதிக்கும் பொறுப்பு அதிகாரி' ஆனான். கணக்கர் செங்கோடன் ரைட். வாட்ச்மேன் சுப்பண்ணன் லெப்ட். ஹுமேராவுக்கு செலெக்ட். அந்த விளையாட்டில் செலெக்டை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது.

"உங்க பக்கம் தப்பே வராதுங்கம்மணி" என்று அரங்கசாமி அவளைத் தேற்றினார்.

ஞாயிறு காலை முப்பத்தோரு பெற்றோர் வந்து உட்கார்ந்தார்கள். ஒரே கீபோர்டில் நான்கு பேர் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். செங்கோடன் ரைட்டை அழுத்தினார். வீரன் ஓடினான். முதல் குழி தெரிந்தது. நம் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் செத்தாலும் மரியாதையை விடமாட்டார்கள்.

"ஏனுங்க மாப்ள, குழி வருதுங்க. ஒரு எட்டு குதிச்சுபோடறீங்களா?" என்றார் செங்கோடன்.

"நீங்க கொஞ்சம் நின்னீங்கன்னா குதிச்சர்றேனுங்க" என்றான் மோகன்குமார்.

"மொதல்ல நீங்க குதிங்க, நான் நிக்கறேனுங்க."

"வயசுல பெரியவங்க, நீங்க மொதல்ல நில்லுங்க."

வீரன் செத்துப்போனான். இரண்டாவது உயிரும் இதே மரியாதையில் போயிற்று. மூன்றாவது உயிரில், தனக்கு வேலையே வரவில்லை என்று மனம் நொந்த சுப்பண்ணன் லெப்டை அழுத்த, வீரன் பின்னால் ஓடிச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். ஹுமேரா செலெக்டைத் தப்பே இல்லாமல் அழுத்திக்கொண்டிருந்தாள்.

மகள் லோகப்பிரியாவோடு கிணத்துக்கடவிலிருந்து வந்திருந்த சின்னாத்தாள் எழுந்தாள். "ஏனுங்க, ஒருத்தன் குதிக்கறதுக்கு நாலு ஆளுங்களா? எங்க தோப்புல முப்பதடி தென்னமரத்த ஒரே ஆளுதானுங்க ஏறறான்."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. நான்கைந்து பேர் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

"ரெண்டே நிமிசம் உக்காருங்க" என்றாள் ஹுமேரா. அதிகாரிகளை விலக்கிவிட்டுப் பட்டியலைத் திறந்தாள். ஓட்டத்தை வலக்கைக்குக் கீழே அம்புக்குறிக் கீகளில் வைத்தாள். குதிப்பதையும் சுடுவதையும் இடக்கை விரலடியில் வைத்தாள். வீரன் ஓடினான், தாண்டினான், இன்னொன்றையும் தாண்டினான், கோட்டை வாசலில் போய்க் கொடியேற்றினான். லோகப்பிரியா ஓடிவந்து அதே கீகளில் தானும் தாண்டினாள். அறையே கைதட்டியது. முப்பத்தோரு விண்ணப்பமும் பன்னிரண்டு மணிக்குள் தீர்ந்துபோயின.

அரங்கசாமி தம் அறையில் ஹுமேராவை உட்காரவைத்து டீ வரவழைத்தார். இரண்டு வருஷத்தில் முதல் டீ. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பிரமாதமுங்கம்மணி. ஆனா பாருங்க, மோகன்குமாரும் செங்கோடனும் சுப்பண்ணனும் மூணு வாரம் பாடுபட்டிருக்காங்க. அவங்க மூணு பேரையும் நிரந்தரம் பண்ணிப்போட்டேன்."

"நானுங்க சார்?"

"நீங்க ரெண்டு நிமிசத்துல முடிச்சுபோட்டீங்களே. ரெண்டு நிமிச வேலைக்கு நிரந்தரம் குடுத்தா, உழைக்கறவங்க மனசு நோகுமல்லங்க? அப்பறம், அந்தக் கீயெல்லாம் தீர்மானத்துல இருக்கறாப்பல திருப்பி வெச்சுபோடுங்க. நாலு மணிக்குப் பெத்தவங்க அடுத்த கூட்டம் வருது, எண்பது பேரு."

ஹுமேரா டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, எழுத்துப் பிசகாமல் ஏ-வை ஏ-வுக்கும் எல்-லை லெப்டுக்கும் ஒன்பதை ராசிக்கும் திருப்பிக் கொடுத்தாள். பிறகு பையை எடுத்து மாட்டிக்கொண்டு அறை வாசலில் நின்றாள்.

"தீர்மானப்படியே வெச்சுபோட்டேனுங்க சார். குழியில உழுகறதுக்கு இனி மூணு பேரு நிரந்தரமா இருக்காங்க. நான் தற்காலிகமாத்தானே உழுந்தேன், எந்திரிச்சுப் போயிக்கறேனுங்க."