சிம்ம ராசி ஆயில் பில்டர்

இரண்டாயிரத்து மூன்றாம் வருசம் கோவில்பட்டியில் இரண்டு இடங்களில் கூட்டம் நின்றது. ஒன்று, தண்ணீர் லாரி வரும் தெருமுனை. அங்கே பெண்கள் குடத்தோடு நின்றார்கள். இன்னொன்று, எட்டயபுரம் ரோட்டில் எடைமேடைக்குப் பின்னால் இருந்த காலி பஞ்சு குடோன். அங்கே ஆம்பிளைகள் ஆர்.சி. புக்கோடு நின்றார்கள். குடம் வைத்திருந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது.

குடோனுக்குள் வாகன சித்தர் வந்து இறங்கியிருந்தார். ஊர்வாயில் அவருக்குப் பெயர் பில்டர் சாமி. “மனிதனுக்கு மட்டுமா ஜாதகம்? மோட்டாருக்கும் உண்டு” என்று வாசலில் போர்டு. ஆட்டோ, டிராக்டர், லாரி, ஜீப் எல்லாம் ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றன. வரிசையில் பதினேழாவது ஆளாக ஒரு மொபெட்காரனும் நின்றான். அவன் வண்டியில் ஆயில் பில்டர் என்ற பொருளே கிடையாது என்பது ஆறு மாதம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. அவன் யார் என்று கேட்காதீர்கள். கதை சொல்கிறவனுக்கும் கொஞ்சம் மானம் உண்டு.

சாமியின் தத்துவம் சுருக்கமானது. வண்டி கம்பெனியில் உருவாகிற காலம் கர்ப்பவாசம். ஷோரூம் வாசலில் முதல் எலுமிச்சம்பழத்தை நசுக்குகிறதே, அந்த நிமிசம்தான் ஜனனம். அதை வைத்து நட்சத்திரம், அதை வைத்து ராசி. ராசிக்குத் தக்க ஆயில் பில்டர் மாட்ட வேண்டும். மேஷத்தில் பிறந்த வண்டிக்குக் கடக பில்டரை மாட்டினால் இன்ஜினுக்கும் ஆயிலுக்கும் ஒத்துப்போகாது.

ஆயில் பில்டர் என்பது ஒரு தகர டப்பா. உள்ளே மடித்து மடித்து வைத்த காகிதம். இன்ஜினில் ஓடும் ஆயிலில் சேர்கிற தூசியும் இரும்புத்தூளும் அதில் தங்கிவிடும். ஆயில் மாற்றும்போது அதையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இதில் ராசிக்கு எங்கே இடம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. மாயகிருஷ்ணனும் கேட்கவில்லை.

அதுதான் வேடிக்கை. ஏனென்றால் மாயகிருஷ்ணன் தன்னை ஒரு விவரமான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். “நம்மகிட்ட இந்தச் சாமி கீமி பாச்சா எல்லாம் பலிக்காதுவே” என்பார். சொந்தமாக ஒரு டீசல் வேன். காலையில் இடைசெவல் பக்கத்துக் கிராமங்களில் இருபத்திரண்டு பெண்களை ஏற்றித் தீப்பெட்டி ஆபீசில் இறக்குவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். அந்த டிரிப்தான் வீட்டுக்கு அடுப்பெரிக்கிறது. வண்டி இரண்டு நாள் சேர்ந்தாற்போல நின்றால் வேறு வேன் வைத்துக்கொள்வோம் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்தப் பயம் ஒரு மூலையில் கிடந்தது. அழகிரிசாமி அதில் தீயை வைத்தார். பருத்தி வியாபாரி, ஜீப் வைத்திருக்கிறவர்.

“மாயா, ராசி பில்டர் போட்டதுல இருந்து என் ஜீப்பு பேசுதுவே.”

“என்ன பேசுது?”

“சத்தமே இல்லங்கேன். அதுலயும் ஒரு வருசத்துக்கு ஆயில் மாத்த வேண்டாமாம். சாமி சொல்லிட்டாவ.”

ஆயில் மாற்ற வேண்டாம் என்றதும் மாயகிருஷ்ணனின் பகுத்தறிவு லேசாக ஆட்டம் கண்டது. நமக்கு நம்பிக்கை கிடையாது, சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்பினார். உலகத்தில் ஏமாந்தவர்களில் பாதிப்பேர் சும்மா பார்க்கப் போனவர்கள்தான்.

சாமி கண்ணை மூடிக்கொண்டு, மஞ்சள் துணி மூடிய கூடைக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தார். சிஷ்யர் அதைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தீபம் காட்டித் திருப்பிக் கொடுத்தார். பார்த்தால் டப்பாவில் சிங்கப்படம். மாயகிருஷ்ணனின் வேன் சிம்ம ராசி என்று சாமி அப்போதுதான் கணித்திருந்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. விவரமான ஆளும் போட்டுக்கொண்டார், கொஞ்சம் மெதுவாக.

“டப்பாவைப் பிரிக்கலாகாது. பிரித்தால் குடும்பத்துக்கு ஆகாது,” என்றார் சாமி. “அதோடு, இதுவரை இந்த வண்டியைத் தொட்ட கை இனிமேல் தொடக்கூடாது. பழைய கை தோஷக் கை.”

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி பூங்கொடி டப்பாவை வாங்கிப் பார்த்தாள். பதினாலு வருசமாக அதே தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள். சிங்கத்தின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

“லேபிள் ஈரமா இருக்கு.”

“தீபம் காட்டினாவல்லா.”

“தீபம் காட்டினா காயணும். நனையுமா?” டப்பாவை மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். “மைதாப் பசை. எங்க ஆபீசுல காச்சுதது மாதிரிதான்.”

“ஏட்டி, உனக்கு உலகமே தீப்பெட்டிதான்.”

“ஆமா. சிங்கம் ஒட்டினாலும் மயில் ஒட்டினாலும் உள்ள ஒரே குச்சிதான். அது ஒட்டுதவளுக்குத்தான் தெரியும்.”

மாயகிருஷ்ணன் கேட்டிருக்கலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கின பொருளைப் பெண்டாட்டி குறை சொன்னால் எந்த ஆம்பிளை கேட்டிருக்கிறான்? டப்பாவைச் சாமியின் ஆளை வைத்தே மாட்டிக்கொண்டார். ஐந்து வருசமாக அவர் வேனைப் பார்த்துவந்த மெக்கானிக் குலாம் ரசூல், அந்த மாதம் ஆயில் மாற்ற வரவில்லையே என்று வீட்டு வாசலுக்கே வந்து கேட்டார். வண்டியைத் தொடவேண்டாம் என்று சொல்ல மாயகிருஷ்ணனுக்கு வாய் வரவில்லை. பிறகு பார்க்கலாம் பாய் என்று மழுப்பினார். ரசூலுக்கு அதற்குள் விசயம் தெரிந்திருந்தது. வேனை ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி மாயகிருஷ்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பில்டரைக் கழற்றவில்லை.

நாலு மாதம் ஓடியது. ஒருநாள் காலையில் டேஷ்போர்டில் ஆயில் லைட் சிவப்பாக மினுக்கியது. மறுநாள் இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டொக் டொக் என்று சத்தம். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இந்த நேரத்தில் மூளையுள்ளவன் மெக்கானிக்கிடம் போவான். மாயகிருஷ்ணன் நேரே குடோனுக்குப் போனார்.

“சனி பார்வை,” என்றார் சாமி, வண்டியைப் பார்க்காமலேயே. “பரிகார பில்டர் மாட்டினால் சத்தம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வா.”

அதைக் கேட்டு பூங்கொடி சண்டை போடவில்லை. “நானும் வாரேன்” என்றாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளாஸ்க் நிறைய சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டாள். காபி என்று மாயகிருஷ்ணன் நினைத்தார். குடோன் வாசலில் குலாம் ரசூல் நின்றதைப் பார்த்ததும்தான் அவருக்கு வேர்த்தது.

“நான்தான் வரச்சொன்னேன்,” என்றாள் பூங்கொடி.

சாமி கண்ணை மூடினார், கூடைக்குள் கையை விட்டார், திரைக்குப் பின்னால் தீபம் காட்டப்பட்டது, சிங்கம் வந்தது. பூங்கொடி பயபக்தியோடு இரண்டு கையாலும் வாங்கினாள்.

“சாமி, இதுல சுடுதண்ணி பட்டா அருள் போயிருமா?”

“தாயே, இன்ஜின் சூட்டையே தாங்குகிற அருள். சுடுதண்ணீர் என்ன செய்யும்?”

“அத உங்க வாயால கேட்கணும்னுதான் வந்தேன்.”

சாமிக்கு முன்னால் இருந்த தட்சிணைத் தாம்பாளத்தில் டப்பாவை வைத்துப் பிளாஸ்கைக் கவிழ்த்தாள். கொஞ்சநேரம் பொறுத்து லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். சிங்கம் முழுசாகக் கழன்று தண்ணீரில் மிதந்தது. சிங்கத்துக்கு அடியில் இன்னொரு லேபிள். கையில் பூவோடு ஒரு கன்னிப்பெண்.

“சிங்கத்துக்குக் கீழ கன்னி இருக்காளே சாமி. கன்னி ராசிக்கு ஆள் வரலியோ?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமியின் முகத்தில் அருள் கொஞ்சம் வற்றியது. பூங்கொடி கன்னியையும் உரித்துவிட்டு டப்பாவை ரசூலிடம் நீட்டினாள். அவர் தின்னர் நனைத்த துணியால் மேல் பெயிண்டை அழுத்தித் துடைத்தார். புதுப் பச்சைக்கு அடியில் பழைய நீலம் வந்தது. நீலத்தில் ஆணியால் கீறின எழுத்து.

ரசூல் அதைச் சத்தமாகப் படித்தார். “கு.ர. ரெண்டு ரெண்டு ஒம்பது பூஜ்யம். பதினொண்ணு எட்டு ரெண்டாயிரத்து ரெண்டு.” பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “இது என் கை எழுத்து. கழத்துத பழைய பில்டர்ல வண்டி நம்பரும் தேதியும் கீறி, வண்டிக்காரர்கிட்டக் காட்டிட்டுத்தான் பழைய இரும்புக்குப் போடுவேன். மாத்தலைன்னு நாளைக்கு யாரும் சொல்லிறக் கூடாதுல்லா.”

கூட்டத்தில் நின்ற அழகிரிசாமி முன்னால் வந்து டப்பாவை எட்டிப் பார்த்தார். “ரெண்டு ரெண்டு ஒம்பது பூஜ்யம் நம்ம ஜீப்புல்லா.”

அவர் கையிலும் ஜீப்புக்கென்று அன்றைக்கு வாங்கின ஒரு பரிகார டப்பா இருந்தது, மீன ராசி. ரசூலின் துணியைப் பிடுங்கித் தானே தேய்த்தார். பெயிண்ட் போனது. கு.ர. 4471.

மாயகிருஷ்ணன் அந்த நம்பரை இரண்டு தடவை படித்தார். அவருடைய வேன்தான். இவர் கழற்றிப்போட்ட குப்பைக்கு அவர் தட்சிணை வைத்திருக்கிறார், அவர் கழற்றிப்போட்ட குப்பைக்கு இவர் கன்னத்தில் போட்டிருக்கிறார். இரண்டு விவரமான ஆட்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கமுடியாமல் தரையைப் பார்த்தார்கள்.

சாமி லேசுப்பட்ட ஆளில்லை. எழுந்து நின்று கையை உயர்த்தினார்.

“கண்டீர்களா பக்தர்களே. இதுதான் மறுபிறவி. ஆன்மாவுக்கு உள்ளது பில்டருக்கும் உண்டு. பழைய உடலை விட்டுப் புது ராசியில் பிறக்கிறது.”

சொன்னால் நம்பமாட்டீர்கள், கூட்டத்தில் பாதித்தலை ஆமாம் என்று ஆடியது. அதில் மொபெட்காரன் தலையும் ஒன்று.

பூங்கொடி மட்டும் அசையவில்லை. “சரி சாமி. ஒரே ஒரு கேள்வி. வாசல்ல நிக்கிற வெள்ளைக் கார் உங்களோடதுதானே? அதுல என்ன ராசி பில்டர் மாட்டியிருக்கு?”

இவ்வளவு நாளாக, இத்தனை பேரில், ஒருத்தருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. சிஷ்யர் கார்ச் சாவியோடு பின்பக்கமாக நகர்ந்தார். அழகிரிசாமி சாவியை வாங்கிக்கொண்டார். எப்படி வாங்கினார் என்பது இங்கே வேண்டாம். ரசூல் பானெட்டைத் தூக்கி, குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

“கம்பெனி பில்டர். புத்தம் புதுசு. சிங்கமும் இல்ல, ஆடும் இல்ல. நம்பர்தான் இருக்கு.”

“சித்தர்களுக்கு ராசி கிடையாது,” என்று சாமி தொடங்கினார். கூட்டம் நெருங்கியது. அவர் அந்த நிமிசமே மௌன விரதத்துக்குப் போய்விட்டார். போலீஸ் ஸ்டேஷனில்கூட விரதத்தைக் கலைக்கவில்லையாம்.

மறுநாள் வேனைக் கட்டியிழுத்துக்கொண்டுபோய் ரசூலின் பட்டறையில் விட்டார்கள். வாகன சித்தரின் அருள் டப்பாவை ரம்பத்தால் அறுத்தபோது உள்ளே காகிதம் கரிச்சேறாக இருந்தது. ஆயில் அதற்குள் புக வழியில்லாமல், வடிகட்டாமலே நாலு மாதம் இன்ஜினைச் சுற்றியிருக்கிறது.

“கிராங்க் பேரிங் தேஞ்சு போச்சு,” என்றார் ரசூல். “இன்னும் பத்து நாள் ஓட்டியிருந்தீங்கன்னா இன்ஜினை எடைக்குத்தான் போட்டிருக்கணும். ஒரு மாசம் ஆகும் அண்ணாச்சி.”

அந்த ஒரு மாசத்துக்கு முதலாளி வேறு வேன் பேசிவிட்டார். அதற்குப் பிறகு டிரிப் திரும்பிவருமா என்று அவர் சொல்லவில்லை. பூங்கொடி தினமும் காலையில் அந்த வேறு வேனில் ஏறி வேலைக்குப் போனாள். மாயகிருஷ்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். யார் கேட்டாலும் கதையை மறைக்காமல் சொன்னார். “கண் தெரியாம ஏமாந்தா பரவாயில்லவே. நான் பேப்பர் படிச்சிக்கிட்டே ஏமாந்தவன்” என்பார்.

இன்ஜினை மாட்டுகிற அன்றைக்கு அவர் பட்டறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பாய், இனிமே நல்ல பில்டர் எதுன்னு நான் எப்படிப் பாத்து வாங்குதது?”

“வண்டி வாங்கும்போது ஒரு புக்கு குடுத்திருப்பானே. அதுல போட்டிருக்கும்.”

“இருக்கு பாய். பத்திரமா இருக்கு.”

பூங்கொடி போய் எடுத்துவந்தாள். பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம். ஐந்து வருசமாகப் பூஜை அலமாரியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. உறையின்மேல் ஐந்து ஆயுத பூஜையின் சந்தனம், குங்குமம் தடிப்பேறியிருந்தது. அவள் நகத்தால் உறையைக் கீறிப் பக்கங்களைப் புரட்டினாள். எந்த நம்பர் பில்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதரம் மாற்றவேண்டும், ரப்பர் வளையம் எப்படி இருக்கவேண்டும் என்று படம் போட்டே இருந்தது. ஒரே ஒரு பக்கம்.

ரசூல் அதைப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். மாயகிருஷ்ணன் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார். கை பழக்கத்தில் மேலே போனது.

“கண்ணுல ஒத்துனது போதும்,” என்றாள் பூங்கொடி. “அந்தக் கண்ணை வச்சுப் படிங்க.”