சிரிக்காத வரிசை

மலர்ந்தபுரி என்று ஒரு நாடு இருந்தது. அங்கே யாரும் அழக் கூடாது என்று மன்னர் சொன்னதே இல்லை. நல்லவர்கள் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று மட்டும்தான் சொன்னார். மகிழ்ச்சித்துறை அமைச்சர் அதைச் சட்டமாக்கினார்: சிரித்த முகம் உடையவரே நல்லவர், நல்லவருக்கே ரேஷன் அரிசி.

பொற்கொடிக்கு முகப் பரிசோதகர் வேலை கிடைத்தது. ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர் முகத்தைப் பார்த்து, அட்டையில் ‘நல்லவர்’ அல்லது ‘கெட்டவர்’ என்று முத்திரை குத்த வேண்டும். அரிசியில் கல் கலக்கிறவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பசித்த பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டப்படியே குத்திவிட்டு வீட்டுக்குப் போனால், பொற்கொடிக்குச் சோறு இறங்கவில்லை.

குறை சொன்னால் கேட்பவர் முகம் வாடுகிறது, ஆகவே அதுவும் தீயொழுக்கம் என்று அடுத்த ஆணை வந்தது. ஆற்றுப்பாலத்தில் விரிசல் விட்டதை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. பாலம் இடிந்தது. செம்பாயியின் கணவன் அதோடு போனான்.

மூன்றாம் நாள் செம்பாயி வரிசையில் வந்து நின்றாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது.

“வேணாம்க்கா, விடுங்க” என்ற பொற்கொடி ‘நல்லவர்’ என்று குத்தினாள்.

அமைச்சர் அவளை அழைத்தார்.

“சிரிக்காதவள் எவ்வாறு நல்லவள் ஆவாள்? விளக்கம் தருக.”

“புருஷன் செத்து மூணு நாள்தாங்க ஆகுது. அவங்க சிரிச்சிருந்தாத்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.”

வேலையும் போயிற்று, ரேஷன் அட்டையும் போயிற்று. அன்று பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தாள். ருசித்தது.

விஷயம் பரவியது. மறுநாள் வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. புதிய பரிசோதகர் எல்லோருக்கும் ‘கெட்டவர்’ என்று குத்தித் தீர்த்தார். ஊர் ஊராக இதே நடந்தது. கோபம் கொண்ட அமைச்சர், கெட்டவர்களுக்கு இனி வாக்குரிமையும் கிடையாது என்று அறிவித்தார்.

அந்நாட்டில் மன்னரையும் வாக்குப் போட்டே தேர்ந்தெடுப்பார்கள். தேர்தல் நெருங்கியது. மன்னர் வாக்காளர் பட்டியலைப் புரட்டினார். வெறும் தாள்.

“எனக்கு வாக்களிக்க ஒருவர்கூட இல்லையா?”

“நாட்டில் நல்லவர் எவரும் மிச்சமில்லை, மன்னா.”

“அப்படியானால் சட்டத்தை நீக்கிவிடும்.”

அமைச்சர் தயங்கினார். “நீக்கினால் எல்லோரும் வந்து வாக்களிப்பார்களே, மன்னா.”

மன்னர் யோசிக்கத் தொடங்கினார்.

அந்நேரம் அந்தக் கெட்டவர்கள் ஆற்றில் பனைமரங்களைப் போட்டுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பொற்கொடி சேற்றில் வழுக்கி உட்கார்ந்தாள். செம்பாயிக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் அவள் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை. கூழ்ப்பானையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.